ரூட் நிறைந்தால் முதலில் அளந்து பார்

நாமக்கல்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மெயின்பிரேம் லினக்ஸ் பிரிவில் வேலை கிடைத்ததாக அக்கா சொன்னாள். ராத்திரி ஷிஃப்டில் உனக்கு அடிக்கடி வரப்போகும் டிக்கெட் ஒன்று: 'ரூட் 100 சதவீதம் நிறைந்துவிட்டது.'

ரூட் என்றால் சிஸ்டம் குடியிருக்கும் டிஸ்க் பகுதி. அவ்வளவு பெரிய மெஷினில் இடப் பஞ்சமா என்று கேட்பாய். 1999 கடைசியில் லினக்ஸ் மெயின்பிரேமுக்கு வந்தது. ஆனால் அங்கே டிஸ்க் கணக்கு, 1989-ல் ஐபிஎம் கொண்டுவந்த 3390-ஐ ஒட்டியே இன்றும் நடக்கிறது. மாடல் 3 என்றால் 3,339 சிலிண்டர், சுமார் 2.8 ஜிபி. மாடல் 9 சுமார் 8.5 ஜிபி. பழைய சர்வர்களில் ரூட் இந்த அளவுக்குள்தான் இருக்கும். ஒரு வாரத்து லாக் போதும், நிரப்பிவிட.

நிறைந்ததும் எதையாவது அழிக்கக் கை பரபரக்கும். அழிக்காதே, அள. 'டிஎஃப்' போட்டு எது நிறைந்தது என்று பார். இடம் இருந்தும் ஃபைல் உருவாகவில்லை என்றால் ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவையான பதிவு, தீர்ந்திருக்கும்; அதையும் 'டிஎஃப்' சொல்லும். பிறகு எந்த டைரக்டரி இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க 'டியு', மைனஸ் எக்ஸ் சேர்த்து. அதைச் சேர்க்காவிட்டால் மற்ற டிஸ்க்குகளையும் கூட்டிக் குழப்பிவிடும்.

'டிஎஃப்' ஏழு ஜிபி என்கிறது, 'டியு' நாலுதான் என்கிறதா? பெரும்பாலும் யாரோ லாக் ஃபைலை அழித்திருப்பார்கள்; எழுதும் புரோகிராம் அதை இன்னும் விட்டிருக்காது. பில்லைக் கிழித்துப் போட்டால் லாரியிலிருந்து லோடு இறங்கிவிடுமா? அது போலத்தான். 'எல்எஸ்ஓஎஃப்' போட்டால் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று தெரியும். அந்த சர்வீஸை, அதற்கு உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, ரீஸ்டார்ட் செய். ஓடுகிற லாக்கை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்தால் இந்த வம்பே இல்லை.

'பூட்' டைரக்டரியில் பழைய கர்னல்கள் கிடக்கும். கையால் அழிக்காதே, பேக்கேஜ் மேனேஜர் வழியாக நீக்கு. 'இசட்ஐபிஎல்' மறுபடி ஓடியதா என்றும் பார். கர்னல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அதுதான் குறித்துவைக்கிறது. குறிப்பு தப்பினால் அடுத்த தடவை சர்வர் எழாது.

ரூட் எல்விஎம்மில், அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் ஏற்பாட்டில், இருந்தால், ஸ்டோரேஜ்காரர்களிடம் கேட்டு இன்னொரு டிஸ்க் சேர்த்து, சர்வரை நிறுத்தாமலே பெரிதாக்கலாம். ஆனால் நிரப்பியது எது என்று தெரியாமல் பெரிதாக்கினால் அதுவும் நிறையும். நிரப்பிய புரோகிராமின் பெயரை டிக்கெட்டில் எழுதிவிட்டு மூடு.

அன்புடன்,
மாமா