பழைய கணினியை எடைக்குப் போடுமுன்: லினக்ஸ் ஏறுமா என்று பார்ப்பது எப்படி?



சென்ற ரமளானுக்குப் பிறகு சகோதரர் ஒருவர் தம் அலுவலகத்தில் பயன்படுத்திய ஆறு கணினிகளை நமது படிப்பகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார். கட்டட வரைபட வேலைக்காக வாங்கப்பட்ட கனமான வொர்க்ஸ்டேஷன் பெட்டிகள் அவை. வந்து பார்த்த மெக்கானிக், "இதில் விண்டோஸ் 11 ஏறாது, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார்.

அவர் சொன்னதன் முதல் பாதி உண்மைதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கு இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆனால் லினக்ஸுக்கு இந்த நிபந்தனை இல்லை. காசும் இல்லை. ஆகவே லினக்ஸ் போடுவதென்று முடிவு செய்தோம்.

அதில் ஒரு தவறும் செய்தோம். எதையும் சோதிக்காமல் முதல் இரண்டு கணினிகளில் அவசரமாக ஏற்றிவிட்டோம். சில நாள் கழித்து, தந்தையை இழந்த மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை அச்செடுக்க வந்தார். அன்றுதான் கடைசி நாள். படிப்பகத்தின் பிரிண்டர் புதிய அமைப்பில் அசையவே இல்லை. மஃரிபுக்குப் பிறகு ஜெராக்ஸ் கடை தேடி ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், கடைசி நேரத்தில் வேலை முடிந்தது. என்றாலும் அந்தப் பிள்ளை கலங்கி நின்றது எங்கள் கவனக்குறைவால்தான். அன்று கற்றதை மற்றவர்களும் அறிந்துகொள்ள இங்கே எழுதுகிறோம்.

1. முதலில் குறிப்பெடுங்கள்

விண்டோஸ் இயங்கும்போதே கணினியின் மாடல், செயலி, ராம் அளவு, வட்டின் அளவு, கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை, பிரிண்டர் மாடல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் பெரும்பாலானவை கிடைக்கும். புதியவர்களுக்கு எளிதான லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 64 பிட் செயலி கட்டாயம். குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் சிரமமில்லை. வட்டில் 20 ஜிபியாவது காலி இடம் வேண்டும். 100 ஜிபி இருப்பது நல்லது. இந்த வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு.

2. பட்டியலைப் பாருங்கள்

உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், தான் சோதித்துச் சான்றளித்த டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற கணினிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. லினக்ஸ் மின்ட் 22 உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது என்பதால் அந்தப் பட்டியல் இதற்கும் நல்ல வழிகாட்டி. பட்டியலில் இல்லாவிட்டால் இயங்காது என்று பொருளல்ல. நாமே சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. ஏற்றாமலே ஓட்டிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்டை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். தொடங்கும்போது டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்பியில் எஃப் 9 விசையை அழுத்தினால் தேர்வுப் பட்டியல் வரும். இன்ஸ்டால் செய்யாத வரை வட்டிலுள்ள விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத் தெரியும். அதை வைத்துக் கணினியை எடைபோட வேண்டாம்.

அந்த நிலையிலேயே திரை தெளிவாக இருக்கிறதா, இணையம் வருகிறதா, ஒலியும் மைக்கும் வேலை செய்கின்றனவா, எல்லா யுஎஸ்பி துளைகளும் இயங்குகின்றனவா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழ் 99, அரபி விசைப்பலகைகளையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள்.

4. வழக்கமாக இடிக்கும் இடங்கள்

கிராஃபிக்ஸ்: இன்டெல், ஏஎம்டி கார்டுகள் பெரும்பாலும் தாமாகவே இயங்கும். மிகப் பழைய நிவிடியா கார்டுகளுக்கு அந்நிறுவனம் டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. அவற்றில் நூவோ என்ற திறந்த டிரைவர் இயங்கினால் படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் போதும்.

வட்டு: இன்ஸ்டால் செய்யும்போது வட்டே தெரியாவிட்டால், பயாஸில் அது ரெய்டு முறையில் இருக்கலாம். ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் அப்படி மாற்றியபின் பழைய விண்டோஸ் தொடங்காமல் போகலாம். கோப்புகளை எடுத்துவைத்த பிறகே மாற்றுங்கள்.

வைஃபை: பிராட்காம் சிப்புகளும் சில யுஎஸ்பி வைஃபை டாங்கிள்களும் தனி டிரைவர் கேட்கும். முதலில் கேபிள் வழியாக இணையம் கொடுத்துவிட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

பிரிண்டர்: எங்களைத் தடுமாற வைத்தது இதுதான். ஹெச்பி பிரிண்டர்கள் பலவும் ஹெச்பிலிப் என்ற மென்பொருளால் இயங்கும். சிலவற்றுக்குக் கூடுதலாக ஒரு பிளகின் இறக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று மாடல் எண்ணோடு முன்பே தேடிப் பாருங்கள்.

மென்பொருள்: கடைக் கணக்குக்கு டேலி பயன்படுத்துவோர் கவனிக்கவும். அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. அந்தக் கணினியை மாற்ற வேண்டாம்.

5. அமானிதத்தை மறவாதீர்கள்

அன்பளிப்பாக வந்த கணினியில் கொடுத்தவரின் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் இருக்கலாம். அவற்றைத் திறந்து பார்ப்பது நமக்கு ஆகுமானதல்ல. வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு வட்டை முழுமையாக அழியுங்கள்.

இந்த வரிசைப்படி மீண்டும் ஆறையும் சோதித்தோம். நான்கு தடங்கலின்றி இயங்கின. ஒன்றில் ரெய்டு முறையை மாற்ற வேண்டியிருந்தது. ஆறாவதன் வட்டு பழுது. அதன் ராமைக் கழற்றி மற்றவற்றில் போட்டோம். பிரிண்டருக்கும் உரிய டிரைவர் கிடைத்து, இப்போது அச்சு வருகிறது. இன்று ஐந்து கணினிகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். மெக்கானிக் சொன்னபடி எடைக்குப் போட்டிருந்தால், புதிதாக வாங்க உங்கள் ஸதகா பணத்தில்தான் கை வைத்திருப்போம். கல்வி உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் காத்திருப்போரின் பங்கு அதனால் குறைந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் மூலையில் பழைய கணினி கிடந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள். உடன் அமர்ந்து சோதித்துத் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். பிரிண்டரின் மாடல் எண்ணை மட்டும் மறக்காமல் எழுதி வாருங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்