டைல்ஸுக்கு முன் சொட்டு நீலம்

வீடு கட்டுகிறவர்கள் வானம் தோண்டப் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள், நிலை வைக்கப் பார்க்கிறார்கள். பாத்ரூம் குழிக்குள் குழாய் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியைக் கொட்டி மூடுகிற நாளுக்கு மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்குக் கொத்தனாரும் சித்தாளும்தான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் மூடிய அன்று நாங்கள் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். அதைக் குற்றம் என்று சொல்லும் என் நாத்தனார், நெருங்கின சொந்தத்துக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்து பார்க்கட்டும்.

விஷயம் இதுதான். குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் கை கழுவின தண்ணீரும் ஒரு குழாயில் புறவாசலுக்கு வந்து தென்னைக்கும் வாழைக்கும் போக வேண்டும். கழிப்பறைத் தண்ணீர் வேறு குழாயில் செப்டிக் டேங்குக்குப் போக வேண்டும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் உள்ளே தள்ளி எங்கள் மனை. தெருவில் வாறுகால் உண்டு, பாதாளச் சாக்கடை கிடையாது. காண்ட்ராக்டரிடம் முதல் பேச்சிலேயே இரண்டு லைன் என்று சொல்லியிருந்தேன். "ஆகட்டும் டீச்சர், ஜமாய்ச்சிருவோம்" என்றார்.

மாடி பாத்ரூமுக்குத் தளத்தை ஓர் அடி கீழே இறக்கிப் போடுவார்கள். சங்கன் ஸ்லாப் என்று பெயர். அந்தக் குழிக்குள்தான் எல்லாக் குழாயும் ஓடும். எங்கள் பிளம்பர், குளித்த தண்ணீர் தரையில் இறங்கும் நானி டிராப்பிலிருந்து வரும் குழாயையும் வாஷ்பேசின் குழாயையும் இழுத்து, கழிப்பறையின் நாலு அங்குலக் குழாயில் ஒரு டீ போட்டுச் செருகிவிட்டார். அவருக்கு மிச்சம் ஒரு நீளக் குழாய், இரண்டு எல்போ, சுவரில் போட வேண்டிய ஒரு துளை. பிறகு மூடினார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், நாங்களும் பால் காய்ச்சிக் குடியேறினோம்.

கீழ் பாத்ரூமில் குளித்தால் தென்னந்தூரில் தண்ணீர் வந்தது. மாடியில் குளித்தால் சொட்டுக்கூட வரவில்லை. அடைப்பு என்றார் பிளம்பர். காற்று அடைத்திருக்கிறது என்றார். நான் விடாமல் கேட்கவும், "ரெண்டும் ஒண்ணாத்தான் டீச்சர் போவுது, எல்லாம் ஒரே குழிக்குத்தான?" என்றார். கணக்கு டீச்சருக்குக் குழாய்க் கணக்கு வராது என்று நினைத்திருப்பார்.

விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். விட்டும் பார்த்தோம். ஜூனில் சாரல் தொடங்கியது. சீசனுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினால் ஆனி, ஆடியில் அது வீடாக இருக்காது, சத்திரமாகிவிடும். மெயினருவியில் வெள்ளம் என்று தடை போட்டால் எல்லோரும் எங்கள் பாத்ரூமில் குளிப்பார்கள். அருவியில் சோப்பும் எண்ணெயும் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது, அதனால் தேய்க்க முடியாத சோப்பையெல்லாம் வீட்டில் வந்து தேய்ப்பார்கள். கழிவு ஒன்றிரண்டு நாளாவது செப்டிக் டேங்கில் தங்கினால்தான் அடியில் படியும். சோப்புத் தண்ணீர் அருவி மாதிரி இறங்கினால் எது படியும்? நனைந்த மண்ணும் வாங்கவில்லை. டேங்க் மூடிக்கு மேலே பொங்கியது. வந்தவர்களில் மூக்கைப் பொத்தியவர்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உடைத்தோம். உடைத்ததுதான் பெருஞ்செலவு என்று நினைப்பீர்கள், இல்லை. குழிக்குள் நீர் கசியாமல் பூசியிருந்த பூச்சு, கடப்பாரை பட்ட இடத்திலெல்லாம் போய்விட்டது. மேலே ஒட்டுப்போட்டுப் பூசி, அதே நிற டைல்ஸ் கிடைக்காமல் வேறு ஒன்றை ஒட்டி, புதுக் குழாயைச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்தாயிற்று. அடுத்த சாரலில் ஹால் சீலிங்கில் ஈரம் படர்ந்தது. மறுபடி முழுக் குழியையும் தோண்டி, முதலிலிருந்து பூசினார்கள். என் கையிலிருந்த ஒரு ஜோடி வளையல் அடகுக்கடைக்குப் போனது போனதுதான். முதல் நாளே போட்டிருந்தால் குழாய்க்கும் எல்போவுக்கும் ஆகியிருக்கும் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"நீங்க பிளான்ல காட்டலையே டீச்சர்" என்றார் காண்ட்ராக்டர். பிளான் போட்ட இன்ஜினீயரைக் கேட்டேன். "அப்ரூவலுக்கு அது தேவையில்லம்மா" என்றார். இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான். 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் அது தொடர்கிறது. அதனால் எங்கள் பிளானில் மழைநீர்க் குழி நீள அகலத்தோடு இருந்தது, மனு வாங்கியவர்கள் அதைத் தேடிப் பார்த்து டிக் அடித்தார்கள். குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. மொட்டைமாடித் தண்ணீருக்கு ஒரு கோடு இழுத்த கை, பாத்ரூம் தண்ணீருக்கும் இன்னொரு கோடு இழுத்தால் வலிக்குமா?

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். வீட்டுக் கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கு விதி எழுதுகிறவர்கள் இயந்திரத்தில் தொடங்க வேண்டாம், குழாயில் தொடங்கட்டும். இரண்டு லைன், இரண்டு சேம்பர் பிளானில் காட்டப்பட வேண்டும், தளம் மூடும் முன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். வடிகட்டியா, வாழையா என்று பிறகு எந்த வருடமும் முடிவு செய்யலாம். மூடின தளத்தைப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினால்தான் எங்கள் ஊரில் ஆண்கள் தலையாட்டுகிறார்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1172 நகர வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 135 லிட்டர் என்கிறது. குளிக்க 55, துவைக்க 20, கழிப்பறைக்கு 30, பாத்திரத்துக்கு 10, வீடு கழுவ 10, சமையலுக்கும் குடிக்கவும் ஐந்தைந்து என்று அதைப் பிரிப்பது வழக்கம். குளிப்பதும் துவைப்பதும் மட்டும் 75. ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 375 லிட்டர். உங்கள் புறவாசலிலும் இரண்டு தென்னை, ஒரு வாழைக்கட்டை, கறிவேப்பிலை இருக்கும். அவற்றுக்கு இது தாராளம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2001-ல் ஒரு விதி கொண்டுவந்தது. நாளுக்கு 400 காலன், அதாவது சுமார் 1,500 லிட்டருக்குள் இருந்தால் வீட்டுக்காரர் அனுமதிக்காக எந்த வாசலிலும் நிற்க வேண்டாம். சில நிபந்தனைகளை மட்டும் பின்பற்ற வேண்டும். சமையலறைத் தண்ணீரையும் மலஜலத் துணி அலசின தண்ணீரையும் சேர்க்கக் கூடாது, தெளிப்பான் வைத்துத் தெளிக்கக் கூடாது, மனைக்கு வெளியே ஓடக் கூடாது. வீட்டுக்காரரை நம்பி எழுதிய விதி. எனக்குப் பிடித்தது.

நம்மூரிலும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னையில் இந்துகாந்த் ராகடே என்ற வேதியியலாளர், குளித்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியே மண்ணுக்குள் விடலாம் என்று அடுக்குமாடி வீடுகளிலேயே செய்து காட்டினார். கல்வாழைக்கு மின்சாரம் வேண்டாம், சர்வீஸ் ஆளும் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த ஃபில்டர் விற்பனைப் பிரதிநிதியிடம் இதைச் சொன்னபோது, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். குளித்த நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கே திருப்பும் ஏற்பாடு கெட்டதென்று சொல்ல மாட்டேன். நாக்பூரின் நீரி நிறுவனமும் யுனிசெஃபும் மத்தியப் பிரதேசத்து ஆசிரமப் பள்ளிகளில் அதைச் செய்தார்கள், 2007-ல் கையேடும் வெளியிட்டார்கள். பள்ளியில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வீட்டில் மணல் வடிகட்டியை யார் அலசுவார்கள்? நாம்தான். என் வீட்டுக்காரர் அலசமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அரிசோனா விதியை அப்படியே தென்காசிக்கு எடுத்துவர முடியாது. அது பாலைவனம், இங்கே சாரல். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து ஒரு மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிழக்கிலிருந்து இன்னொன்று. குற்றாலம், இலஞ்சி, மேலகரம் பக்கம் சாரல் மாதங்களில் மண்ணுக்குத் தண்ணீர் தேவையே இல்லை. ஆலங்குளத்திலும் சங்கரன்கோவிலிலும் அதே மாதத்தில் வாழை வாடிக்கொண்டிருக்கும். ஒரே மாவட்டத்துக்கு ஒரே விதி என்றாலே தப்பாகிவிடும். மண்ணைக் கேட்டு விதி எழுத வேண்டும். கேட்பது எளிது. குழி தோண்டி, அடியில் கொஞ்சம் சரளை போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிட்டு, பிறகு மறுபடி ஊற்றி 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்ப்பது. செப்டிக் டேங்குக்கான ஐஎஸ் 2470 சொல்வது இதைத்தான். அரை மணிக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். ஒரு மணி தாண்டினால் அந்த மண் வாங்காது. எங்கள் மனையில் மேலே செம்மண், கொஞ்சம் கீழே போனால் சரளையும் பாறையும். மாசியில் பார்த்தால் பாஸ், ஆடியில் பார்த்தால் ஃபெயில். அதனால் சோதனையைச் சாரலில் செய்யுங்கள். மனை விற்கும் புரோக்கர் மாசியில்தான் கூட்டிப் போவார்.

இதற்காகத்தான் என் புறவாசல் சேம்பரில் இரண்டு வாய் வைத்தேன். ஒன்று கல்வாழை மேட்டுக்கு, ஒன்று செப்டிக் பக்கம். சாரல் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் மூடியை மாற்றிவிடுவேன். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் முழுவதும் செப்டிக் பக்கம்தான். "இதெல்லாம் ஓவர் டீச்சர்" என்ற காண்ட்ராக்டருக்கு, விதியாக வந்திருந்தால் சத்தமில்லாமல் போட்டிருப்பீர்கள் என்று பதில் சொன்னேன்.

மற்றதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி வாட்டம். அடுப்படித் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு மண்ணின் கண்ணை அடைத்துவிடும். அங்கணத் தண்ணீருக்குத் தனியே ஒரு பிசுக்குத் தொட்டி வைத்து வாரம் ஒருமுறை வழியுங்கள். குளித்த தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைக்காதீர்கள், ஒரு நாள் தாண்டினால் நாறும். மண்ணுக்கு மேலே தேங்கவிட்டால் கொசு, எனவே தென்னை மட்டையும் சருகும் போட்டு மூடின வாய்க்காலில் விடுங்கள். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம். சோடியம் மிகுந்த சலவைத்தூள் களிமண்ணை இறுக்கிவிடும். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கிணறு பக்கத்து வீட்டுக்காரருடையதானாலும் அதே கணக்குத்தான். வாறுகாலில் விடுகிறவர்கள் வாய் திறக்க வேண்டாம். அது சிற்றாற்றுக்குப் போய், சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. அதைக் குடிக்கிற ஊர்கள் கீழே இருக்கின்றன.

ஒப்பந்தத் தாளில் இரண்டு லைன் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பியது தப்பு என்று இதைப் படித்துவிட்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். பெரிய மனிதர் பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்று நினைத்தது என் தப்பில்லை. தளம் மூடும் முன் அளவு டேப்பைக் குழாய் மேல் வைத்துப் படம் எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலக்கி நானி டிராப்பில் ஊற்றுங்கள். நீலம் தோட்டத்துச் சேம்பரில் வர வேண்டும். செப்டிக் பக்கம் வந்தால், அந்தத் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

போன தையில் எங்களுக்கு அடுத்த தெருவில் அதே காண்ட்ராக்டர் ஒரு வீடு எடுத்தார். நடை போகிற சாக்கில் ஏறிப் பார்த்தேன். மாடிக் குழிக்குள் ஒரே குழாய், அதே டீ. வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு, கையில் சொட்டு நீலப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் இப்போது இரண்டு லைன் போயிருக்கிறது. காண்ட்ராக்டர் என்னைக் கண்டால் வண்டியைச் சந்துக்குள் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.