ஏஞ்சல் மீனின் முட்டைகள் வெளுத்துப்போவதேன்?

அலங்கார மீன்களை விருத்தி செய்து ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அநேகம். அவர்கள் வளர்க்கும் வகைகளில் ஏஞ்சல் மீனும் ஒன்று. இதன் குஞ்சு பருவமடைய ஏறக்குறைய 8 முதல் 10 மாதங்கள் செல்லும். அத்தனை மாதமும் தீனியிட்டுத் தேற்றிய ஜோடி முட்டையிட்ட மறுநாளே, அம்முட்டைகள் யாவும் சுண்ணாம்புபோல் வெளுத்துப் பஞ்சு படர்ந்துவிடின், பூஞ்சணமே காரணமென்றெண்ணி மருந்தை மேன்மேலும் ஊற்றுவர். இரண்டொரு முறை இவ்வாறாகக் கண்டு, ஜோடியைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. இஃது அவசரமாகும்.

பூஞ்சணம் பெரும்பாலும் செத்த முட்டையின்மீதே முதலிற் பற்றுகிறது. பிறகே அடுத்துள்ள நல்ல முட்டைகளுக்குப் பரவுகிறது. கருவுற்ற முட்டை தேன் நிறமாய்த் தெளிந்திருக்கும். கருவுறாதது ஏறக்குறைய ஒரு நாளில் வெளுத்துவிடும். ஆதலின், பஞ்சு படருமுன் வெளுத்தவை எத்துணை என்று பார்த்தறிதல் வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுத்தல் இயல்பே. முறைதோறும் ஒன்றுவிடாமல் வெளுப்பின், ஜோடியையே முதலிற் சந்தேகிக்க வேண்டும்.

இம்மீனில் ஆண் பெண் வேற்றுமை புறத்தோற்றத்தால் எளிதிற் புலப்படாது. இரண்டு பெண்களே ஜோடி சேர்ந்து, கற்பலகையைச் சுத்தம் செய்து, முட்டையிட்டுச் செட்டைகளால் விசிறிக் காவலும் புரிவதுண்டு! அனுபவசாலிகளும் இதில் ஏமாறுகின்றனர். முட்டையிடுதற்குச் சற்று முன் அடிவயிற்றில் ஒரு சிறு குழல் வெளிப்படும். பெண்ணினது பருத்து முனை மழுங்கியிருக்கும். ஆணினது மெலிந்து கூராயிருக்கும். அச்சமயம் தவறாது பார்த்துக்கொள்க.

ஜோடி சரியாயிருந்தும் முட்டைகள் வெளுத்தால், தொட்டியைக் கவனிக்க. பெண் வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் பின்தொடர்ந்து அவற்றின்மீது விந்தைப் பாய்ச்சும். அவ்விந்து ஜலத்தில் உயிர்ப்புடன் இருப்பது மிகச் சொற்ப நேரமே. பலகையருகே நீரோட்டம் வேகமாயிருந்தால் அது முட்டையைச் சேருமுன் அடித்துச் செல்லப்படும். அவ்வேளையில் வடிகட்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவது நலம்.

அடுத்தது ஜலத்தின் தன்மை. ஏஞ்சல் மீன் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைச் சார்ந்தது. அங்குள்ள ஜலம் பெரும்பாலும் மென்மையானது. நம் ஆழ்குழாய்க் கிணற்று ஜலமோ பல இடங்களில் சவர்க்காரமும் நுரைக்காத கடின ஜலம். பெரிய மீன் அதிற் பிழைத்து வாழும். கரு உண்டாதலும் முட்டை பொரித்தலும் அதிற் குன்றும். முதல் மழையை விட்டுவிட்டு, பின்னர்ப் பெய்வதைச் சுத்தமான தளத்திலிருந்து பிடித்துச் சேமித்து, சிறிது சிறிதாகக் கலந்து வருதல் வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் மீனுக்கே கேடு விளையும்.

உலர்ந்த தீனியொன்றையே தின்று வளர்ந்த ஜோடியின் முட்டைகளும் தரம் குன்றுவதுண்டு. கொசுப்புழு முதலிய உயிருணவும் இடுக. இளம் ஆண் முதல் இரண்டொரு முறை தவறுவது சகஜம். முட்டைகளை அகற்றிவிட்டால், நல்ல ஜோடி இரண்டு வாரத்திற்குள் மறுபடி இடக்கூடுமாதலால், மூன்று நான்கு முறையேனும் பொறுத்திருக்கலாம். அதன் பின்னும் பயனில்லையெனில், அந்த ஆணை முன்னரே குஞ்சு பொரித்த வேறொரு பெண்ணுடன் சேர்த்துப் பார்க்க.

மெதிலின் நீலம் கருவுற்ற முட்டைகளைக் காக்கவே உதவும். கருவுறாததைக் கருவுறச் செய்யாது. பலகையைத் தனித் தொட்டியில் வைத்து, ஜலம் இளநீலமாகுமளவு அதனைச் சேர்த்து, வெளுத்த முட்டைகளை நீக்கி, உஷ்ணத்தை 27 அல்லது 28 டிகிரி செண்டிகிரேடில் வைத்திருந்தால், இரண்டு இரண்டரை நாட்களில் குஞ்சுகளின் வால் துடிப்பதைக் காணலாம்.