சைட்டில் நிற்பவருக்காக வரையுங்கள்

ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் எழுதுகிறேன். ஐந்து வருடம் கல்லூரியில் வரைந்ததையெல்லாம் ஆசிரியர்கள் முன்னால் நின்று நீங்களே விளக்கினீர்கள். இனி உங்கள் டிராயிங்கைப் படிக்கப்போகிறவர் வெயிலில் நிற்கும் மேஸ்திரி. அவருக்குச் சந்தேகம் வரும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். நான் சொல்வதில் பெரும்பகுதி இதிலிருந்தே வருகிறது.

1. கூட்டிக் கழிக்கும் வேலையைக் கொத்தனார் தலையில் கட்டாதீர்கள். மொத்த நீளத்தையும் எழுதுங்கள், உள்ளளவுகளையும் எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ஏ1 தாளுக்கென்று வரைந்தது சைட்டுக்கு ஏ3 அளவில் போகிறது. அங்கே யாரோ அதை போட்டோ எடுத்துக் கம்பி கட்டுபவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தச் சின்னத் திரையில் எழுத்து தெரிகிறதா என்று முதலில் உங்கள் போனில் பாருங்கள். நீங்கள் மில்லிமீட்டரில் எழுதுகிறீர்கள். நம் ஊர்க் கொத்தனாருக்கு 230 என்பது ஒன்பது இஞ்ச் சுவர், 115 என்பது நாலரை இஞ்ச் சுவர். முக்கியமான அளவுகளுக்குப் பக்கத்தில் அடி, அங்குலத்தையும் எழுதிவிடுங்கள். அதனால் யாருடைய படிப்பும் குறைந்துவிடாது.

2. புதுத் தாள் கொடுக்கும்போது பழைய தாளைத் திரும்ப வாங்குங்கள். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாத்ரூம் தளத்தை ஓர் அடி தாழ்த்தும்படி மாற்றிய டிராயிங் கான்ட்ராக்டருக்கு மெயிலில் போனது. ஷட்டரிங் ஆட்கள் கையில் இருந்ததோ அதற்கு முந்தைய தாள். கான்கிரீட் சமதளமாகவே விழுந்துவிட்டது. குழாய்களுக்கு இடம் வேண்டுமே, அதனால் பாத்ரூம் தரையை உயர்த்தினார்கள். அந்த வீட்டுப் பாட்டி இன்றைக்கும் ராத்திரியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறுகிறார். டிராயிங் சரியாகத்தான் இருந்தது. அது போய்ச் சேரவேண்டிய கைக்குப் போகவில்லை. எந்தத் தாள், எத்தனையாவது ரிவிஷன், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம், பழையது திரும்பி வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாறிய இடத்தைச் சுற்றி வட்டமிட்டுக் காட்டுங்கள். கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின நாள் போன் செய்து, கையில் இருக்கும் தாளின் எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. லாரி பேக்கர் பழைய உறைகளின் பின்பக்கத்தில் வரைந்தே கட்டடங்களை எழுப்பினார் என்பது உங்களுக்குப் பிடித்த கதை. எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அவர் சைட்டில் கொத்தனாரோடு நின்றார், அங்கேயே முடிவெடுத்தார், வேலை செய்தவர்களும் அவரிடம் பழகியவர்கள். ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் அலுவலகத்தில் அப்படி நிற்க உங்களால் முடியாது. நிற்க முடியாத இடத்தில் தாள்தான் உங்களுக்குப் பதிலாக நிற்கவேண்டும்.

4. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கடைசியில் கூப்பிடாதீர்கள். கொழும்பில் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகத்தில் பொறியாளர் கே. பூலோகசுந்தரம் பங்குதாரராகவே பல ஆண்டுகள் இருந்தார். பாவாவின் பெயரை எல்லோரும் சொல்கிறோம். இவருடைய பெயரை நம் மாணவர்களில் பலர் கேட்டதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பீம் எங்கே வரும், பிளம்பிங் குழாய் எங்கே இறங்கும், ஏசி டக்ட் எதன் கீழே போகும் என்று மூன்றையும் ஒரே செக்ஷனில் போட்டுப் பாருங்கள். அங்கே முட்டிக்கொண்டால் அழித்து வரையலாம். சைட்டில் முட்டிக்கொண்டால் பீமைத் துளைக்கவேண்டி வரும்.

5. வீடு கட்ட வருகிறவரிடம், என்ன ஸ்டைல் வேண்டும் என்று முதலில் கேட்காதீர்கள். ஈரத் துணி எங்கே காயும், கிரைண்டர் எங்கே நிற்கும், செருப்பை எங்கே விடுவார்கள், காஸ் சிலிண்டர் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வாஸ்து பேசினால் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிளான் முடிந்த பிறகு கேட்டு மாற்றுவதைவிட அது எளிது.

6. மேஸ்திரி, அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள், "ஏய்" வேண்டாம். சைட் லே-அவுட் வரைகிறபோதே சித்தாள் வேலைக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று குறித்துவிடுங்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமே இவற்றைக் கேட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. டிராயிங்கில் இல்லாததைக் கான்ட்ராக்டர் தானாகச் செய்வது அபூர்வம். மறைவுக்கு இடமில்லாமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறடிக்கு நாலடி இடத்தைத் தாளில் ஒதுக்க உங்களால் முடியும்.

7. நள்ளிரவில் முடித்த டிராயிங்கை நள்ளிரவிலேயே அனுப்பாதீர்கள். காலையில் வேறொருவர் பார்க்கட்டும். வாரம் முழுக்கக் கண் விழிக்கவைக்கும் அலுவலகத்தில் தவறு வேலை நேரத்தைத் திட்டமிட்டவர்களுடையது. கண் விழிப்பதைத் திறமைக்கு அடையாளமாக எண்ணாதீர்கள். சம்பளம், ஸ்டைபண்ட் எவ்வளவு என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

8. பி.ஆர்க் முடித்ததும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யுங்கள். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பதிவு இல்லாமல் 'ஆர்க்கிடெக்ட்' என்பதைப் பெயரோடு போடக்கூடாது.

9. லெவல்களை எழுதாமல் எந்த பிளானையும் வெளியே விடாதீர்கள். மொட்டைமாடியில் வாட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு, தண்ணீர் எந்தக் குழாயில் இறங்குகிறது, அந்தக் குழாய் மழைநீர்த் தொட்டிக்கு எப்படிப் போகிறது என்று அம்புக்குறியோடு காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அனுமதிக்குக் காட்டிய குழி ஒன்று, கட்டியது வேறொன்று என்று ஆகவிடாதீர்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும், உங்கள் அலுவலகம் முன்பே கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு, உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மாடி மூலைகள், ஜன்னல் சில்லின் அடிப்பக்கம், பால்கனிக் கதவின் நிலை, போர்ட்டிகோ சுவரோடு சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே கசிகிறது என்று எழுதி, அந்த டிராயிங்கை வரைந்தவரிடமே கொடுங்கள். அடுத்த வீட்டின் பிளான் அவர் மேசையில்தான் இருக்கும்.