கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்

கேள்வி:

நாங்கள் ஈரோடு. போன டிசம்பர் விடுமுறையில் இரண்டு குடும்பமாக வேன் பிடித்து ஊட்டிக்குப் போனோம். எமரால்டு பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரத்தில் தங்கினோம். சமைப்பதற்கு அண்ணன் ஒரு சின்ன கேஸ் அடுப்பு வாங்கி வந்திருந்தார். பெட்டி மாதிரி இருக்கும், பக்கவாட்டில் நீளமான கேனைப் படுக்க வைத்து லிவரை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

முதல் நாள் காலையில் வெளியே காற்று அடித்ததால் வேனுக்குள் வைத்துப் பற்றவைத்தார். நாலைந்து தடவை திருகியும் பொறி வரவில்லை. தீக்குச்சி உரசியதுதான் தாமதம், குபீரென்று தீ கிளம்பி அவர் கை முடியும் புருவமும் பொசுங்கிவிட்டன. பக்கத்தில் நின்ற என் பத்து வயது மகள் அலறிவிட்டாள். மறுநாள் குளிரில் அடுப்பு சரியாக எரியவே இல்லை. கேனைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த பிறகு நன்றாக எரிந்தது. ஆனால் வீட்டிலிருந்து கொண்டுபோன தோசைக்கல்லை வைத்ததும் இரண்டு முறை லிவர் 'டக்' என்று தானாக மேலே வந்து தீ அணைந்துவிட்டது. அண்ணன் லிவரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுத் தோசை வார்த்து முடித்தார்.

பங்குனியில் மாமியாரை அழைத்துக்கொண்டு ரயிலில் காசிக்குப் போகிறோம். இந்த அடுப்பையும் எடுத்துப் போகலாம் என்கிறார் அண்ணன். அதை முதலில் தூக்கிப் போடுங்கள் என்கிறார் மாமியார். மகளோ வீட்டில் கேஸ் பற்றவைத்தாலே வாசலுக்கு ஓடிவிடுகிறாள். நாங்கள் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி, முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கேன் இன்னும் அடுப்புக்குள் இருந்தால் கழற்றி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

லிவர் மேலே வந்ததைப் பழுது என்று உங்கள் அண்ணன் நினைத்துவிட்டார். அன்றைக்கு உங்கள் இரண்டு குடும்பத்தையும் காப்பாற்றப் பார்த்ததே அந்த 'டக்' சத்தம்தான். கேனுக்குள் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அழுத்தத்தால் திரவமாகி அடைபட்டிருக்கிறது. கேன் சூடானால் அழுத்தம் ஏறும். 20 டிகிரியில் வெளிக்காற்றைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருப்பது, 50 டிகிரியில் ஐந்து மடங்கை நெருங்கிவிடும். அதற்கு மேல் சூடாக விடக்கூடாது என்று கேனின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இப்போது உங்கள் தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். வீட்டு அடுப்புக்கு அளவெடுத்தது. இந்தச் சின்ன அடுப்பில் வைத்தால் அதன் விளிம்பு கேன் இருக்கிற அறைக்கு மேல் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பர்னரின் அனல் மேலே போக வழியில்லாமல் கல்லின் அடியிலேயே பரவும். காய்ந்த கல்லின் சூடும் சேர்ந்து கேன் மேல் இறங்கும். அழுத்தம் எல்லை மீறியதும் உள்ளே இருக்கும் ஒரு சிறு அமைப்பு அதை உணர்ந்து கேனை விடுவித்து கேஸை நிறுத்திவிடும். லிவர் எழும்பியது அதனால்தான். இரண்டு தடவை அது எச்சரித்தது. மூன்றாவது தடவை எச்சரிக்க முடியாதபடி கட்டிப் போட்டுவிட்டீர்கள்.

மாவு தீர்ந்ததால் தப்பித்தீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இன்னும் பத்துத் தோசைக்கு மாவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே எனக்கு மனம் பதறுகிறது. கேன் பிளந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வரும், அதுவும் எரிகிற தீக்கு ஒரு சாண் தூரத்தில்.

இந்த வகை அடுப்பை ஜப்பானில் இவாட்டானி நிறுவனம் 1969-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாப்பாட்டு மேசை நடுவில் ஒரு பாத்திரத்தை வைத்துக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதற்காக உண்டானது. அதன் அளவெல்லாம் அந்தப் பாத்திரத்துக்கு ஏற்றது. கேன் இருக்கும் பக்கம் வரை நீளாத பாத்திரத்தையே இதில் வைக்க வேண்டும். காற்றுக்கு மறைப்பு என்று செங்கல்லையோ தகரத்தையோ நான்கு பக்கமும் நெருக்கி வைப்பதும், இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து மேலே ஒரே பெரிய கல்லைப் போடுவதும் இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

வேனுக்குள் நடந்ததற்கு வருகிறேன். பொறி வரவில்லை என்றாலும், திருகிய ஒவ்வொரு தடவையும் கேஸ் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பியூட்டேன் காற்றைப்போல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது. சீட்டுக்கு அடியிலும் தரையிலும் தண்ணீர் தேங்குவதுபோல் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட வேண்டாம், பற்றிக்கொள்ளும். இந்த மாதிரி அடுப்பில் அரை நிமிடம் வீணாக வெளியேறும் கேஸ், இரண்டு குடம் கொள்ளும் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக மாற்றப் போதும். அண்ணன் அந்தக் குடங்களுக்குள் தீக்குச்சியை நீட்டினார். வண்டிக் கதவு திறந்திருந்ததோ என்னவோ, புருவத்தோடு போயிற்று.

ஒரு தடவை திருகிப் பற்றவில்லை என்றால் மூடிவிட்டு, வெட்டவெளியில் இரண்டு நிமிடமாவது தள்ளி நில்லுங்கள். தீக்குச்சியால்தான் பற்றவைக்க வேண்டுமென்றால் முதலில் குச்சியை உரசி பர்னர் அருகே பிடியுங்கள், பிறகு திருகுங்கள். பொறி வராத அடுப்பைப் பழுது பார்க்காமல் வெளியூருக்கு எடுத்துப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னொன்று: கேனின் கழுத்து வளையத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அது அடுப்பில் குறித்திருக்கும் இடத்தில், பெரும்பாலும் மேல்பக்கமாக, பொருந்த வேண்டும். உள்ளே இருக்கும் குழாய் வளைந்து மேலே நிற்கும் கேஸை மட்டும் இழுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தாறுமாறாகச் செருகினால் திரவமே பர்னருக்கு வந்து ஆளுயரத்துக்குத் தீ எழும்பும்.

குளிரில் எரியாததற்கு யாரையும் குறை சொல்ல வேண்டாம். பியூட்டேன் பூஜ்ஜிய டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். போதாததற்கு, திரவம் ஆவியாகும்போது கேனின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆனால் அதற்காகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டீர்களே, ஊட்டி உயரத்தில்கூட அது 90 டிகிரியைத் தாண்டியிருக்கும். 50 டிகிரி எல்லை கொண்ட கேன் அது! இனி ஒருநாளும் வேண்டாம். இரவில் கேனைக் கம்பளிக்குள் சுருட்டிப் படுக்கை ஓரம் வைத்துக்கொண்டால் காலையில் எரியும். குளிர் மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் புரொப்பேன் கலந்த கேனையும் அதற்கேற்ற அடுப்பையும் வாங்குவது நல்லது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிருக்கு பயந்து கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பைக் கொண்டுபோகாதீர்கள். நைலான் துணி தீயில் உருகி மேலே ஒட்டும். மூடிய இடத்தில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இளவயதில் இமயமலை நடைப்பயணம் ஒன்றில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். குழாய் சூடாக முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரிக்க வேண்டும். நல்ல வெயில். தீ அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலை அப்படியே சாய்த்தேன். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஊற்றிய தாரை வழியே தீ ஏறிப் பாட்டிலின் வாய் நெருப்பைக் கக்கியது. பயத்தில் வீசிவிட்டேன். அது எதிரே உட்கார்ந்திருந்த நண்பனின் காலில் விழுந்தது. அவன் கெண்டைக்காலில் தோல் சுருங்கிய தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அன்று இரவு எங்களை அழைத்துப்போன மலைவாசிப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஸ்டவ்வை என் முன்னால் வைத்து, காலையில் என் கை எங்கே போயிற்று, கண் எங்கே பார்த்தது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டச் சொன்னார். மூன்று தடவை செய்தேன். மூன்றாவது தடவைதான், கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. 'நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை' என்று அன்று எழுந்து போயிருந்தால் அடுத்த முறையும் அதைத்தான் செய்திருப்பேன்.

தீப்புண்ணுக்கு ஒரு வார்த்தை. பட்ட இடத்தில் உடனே ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். பேஸ்ட், மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போங்கள். முகத்திலோ பெரிய அளவிலோ பட்டால் 108.

காசிப் பயணத்தில் உங்கள் மாமியார் பக்கம்தான் நான். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில்களைப் பார்க்க வந்தவர்கள். பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் போட முயன்றபோது நடந்தது. அவர்கள் வயதானவர்களுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்திருக்கக்கூடும். ரயிலில் கேஸ் கேன் கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும், ஓடும் பெட்டியில் பூட்டிய கதவுகளுக்கும் நூறு பேருக்கும் நடுவே எங்கே ஓடுவீர்கள்? புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் நம் ஊர்ச் சாப்பாடு உண்டு. கிளம்பும் முன்பே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் லிவரை இழுத்துக் கட்டியதில் உள்ளே ஏதாவது வளைந்திருக்கலாம் என்பதால், கடைக்காரரோ மெக்கானிக்கோ பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அதில் கேன் மாட்டாதீர்கள். வெந்நீரில் போட்ட கேனை மறுபடி பயன்படுத்த வேண்டாம். அதை ஓட்டையிடவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. கேன் எதையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள், ஈரோட்டு வெயிலில் கார் அடுப்பாகிவிடும்.

மகளைப் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அவள் ஓடுவதைக் கேலி செய்யவும் வேண்டாம், கையைப் பிடித்து இழுத்து அடுப்படியில் நிறுத்தவும் வேண்டாம். அவள் கண்ணெதிரே மாமாவின் முகத்தில் தீ பாய்ந்தது, ஏன் பாய்ந்தது என்று இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். அண்ணனும் வரட்டும். கேன் இல்லாத வெறும் அடுப்பை நடுவில் வைத்து, அன்று எத்தனை தடவை திருகினேன், கேஸ் எங்கே போய்த் தேங்கியது, தீக்குச்சியை எப்போது உரசினேன் என்று அவரே தன் வாயால் சொல்லட்டும். 'மாமா தப்பாகச் செய்தேன்' என்று அவர் சொல்வதை அவள் கேட்கட்டும். பிறகு லிவரை அவள் கையாலேயே அழுத்தவும் தூக்கவும் விடுங்கள். பற்றவைக்கச் சொல்ல வேண்டாம். அவளாகக் கேட்கும் நாளில் ஓர் அகல் விளக்கிலிருந்து தொடங்குங்கள்.