கண்மாய் வயலாவது ஏன்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்களின் உள்வாய் வருஷந்தோறும் சிறிது சிறிதாக விளைநிலமாவதற்குக் குடியானவர்களின் பேராசையே காரணம் என்பது பலரிடம் ஊறிவிட்ட நம்பிக்கை. உண்மை வேறு. மேற்கு மலையின் ஓடைகள் ஐப்பசி, கார்த்திகையில் கொண்டுவந்து நிரப்பிய நீர் மாசி, பங்குனியில் வற்றத் தொடங்குகையில், அது விலகிய இடத்தில் ஈரமும் வண்டலும் ஒருங்கே கிடைக்கின்றன. எருவும் கிணறும் கேளாத அந்த மண்ணில், சொந்தமாக ஒரு சென்ட் நிலமுமற்ற குடும்பம் வெள்ளரியோ சோளமோ போடுவது ஜீவனத்துக்காகவே. அடுத்த வருஷம் வரப்பு எழும். பிறகு வேலி வரும். வசதியுள்ள பக்கத்துப் பட்டாதாரர் வரப்பைத் தள்ளிப் போடுவதும் உண்டு; அதற்கு இந்த நியாயம் பொருந்தாது.

இவையெல்லாம் சர்க்காருக்குத் தெரியாமல் நடப்பவை என்பதும் சரியல்ல. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அபராதத் தீர்வை விதித்து 'பி மெமோ' கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆக்கிரமிப்புக்கான அந்த நோட்டீஸால் எந்தப் பாத்தியதையும் பிறக்காது. ஆயினும் ஏழைக் குடும்பம் அதை, என்றேனும் பட்டாவாகும் என்ற ஆசையில், டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறது.

கிணறும் பம்புசெட்டும் வந்தபின் கண்மாய் எதற்கு என்பதுதான் மிகக் கேடான அபிப்பிராயம். கரைக்குக் கீழுள்ள கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுப்பதே கண்மாயில் தேங்கும் நீர். உள்வாயில் பயிர் வைத்தவனோ நீர் தேங்க விடமாட்டான். மடையை முன்னதாகத் திறப்பான், கலுங்கின் மேற்கல்லைப் பெயர்ப்பான். உள்ளே சில குறுக்கம் விளைய, வெளியே ஆயக்கட்டு நஞ்சை கதிர் பிடிக்கும் தருணத்தில் காய்கிறது.

காரணங்களில் பிரதானமானது, என் அபிப்பிராயத்தில், காவல் அற்றுப்போனதே. சேத்தூர் முதலிய ஜமீன்களின் கண்மாய்கள் 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் சர்க்கார் வசமாயின. கிணறு வெட்டிக்கொண்ட ஆயக்கட்டுதாரர்கள் குடிமராமத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். நீர்பாய்ச்சிக்குக் களத்தில் நெல் அளக்க ஆளில்லாமற் போயிற்று. கேட்பாரற்ற இடத்தில் வரப்பு நகர்ந்தது.

ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், எல்லையை அளந்து குறிக்கவும் வழி செய்கிறது. ஆயக்கட்டுதாரர்களே, கோடையில் அளவுக்கு மனுக் கொடுத்து, சங்கிலி பிடிக்கும்போது உடன் நின்று கல் ஊன்றச் செய்யுங்கள். வெளியேறும் நிலமற்ற குடும்பங்களுக்கு வேறிடத்தில் பட்டா கேட்டு அதே மனுவில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.