நாடகத்து நிருபரும் நம் நகரத்து நிருபரும்

குற்றத்தைத் துலக்குதல் போலீஸாரின் வேலை என்பதே உலக வழக்கு. ஆயினும் அமெரிக்க வானொலியில் ஒரு காலத்தில் அவ்வேலையைப் பத்திரிகைக்காரரும் ஏற்று நடத்தினர். 1937-இல் தொடங்கிய 'பிக் டவுன்' என்னும் தொடரில், திரைப்பட நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்ஸன் ஸ்டீவ் வில்ஸன் என்னும் பத்திராதிபராக நடித்தார். 1943-இல் 'கேஸி' என்னும் புகைப்பட நிருபரும், 1950-இல் 'நைட் பீட்' தொடரில் சிகாகோ நகரத்து இரவு நிருபர் ராண்டி ஸ்டோனும் தோன்றினர். முன்னவை இரண்டும் பிற்பாடு தொலைக்காட்சிக்கும் சென்றன.

இந்நாடகங்கள் கேட்போரைப் பிணித்தமைக்குக் காரணம் உண்டு. வானொலி கண்ணில்லாத கலை. ஈரத் தெருவில் காலடியோசை, கதவின் கிறீச்சொலி, தட்டச்சுப் பொறியின் படபடப்பு ஆகிய இவற்றைக் கொண்டே ஒரு நகரத்தைப் படைத்தல் வேண்டும். ராண்டி ஸ்டோன் தன் கதையைத் தானே சொல்லுகிறான். ஆகவே அவன் அறியாததை நாமும் அறியோம், அவன் அஞ்சுமிடத்தில் நாமும் அஞ்சுகிறோம். அன்றியும், போலீஸ்காரனைக் கண்டு வாய் மூடுபவன் நிருபனிடம் மனம் திறப்பான். அரை மணி நேரத்தில் எல்லாம் விளங்கிவிடும். நிருபன் செய்தியை அடித்து முடித்து, அதனை எடுத்துச் செல்லும் பையனைக் கூவியழைக்க, நாடகம் நிறைவெய்தும்.

ஒரு பத்திரிகை எதற்காக எழுதுகிறது, எழுதாமலிருக்க யாரிடம் என்ன பெறுகிறது என்னும் வினா, நாடக நாயகனைக் குறித்து எழுவதற்கு இடமேயில்லை. நம் நகரத்திலோ அவ்வினா கொலையில் போய் முடிந்தது.

கேஸி தோன்றிய அதே 1943-இல், சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்னும் இதழை நடத்தலானார். நடிகர் நடிகையரின் அந்தரங்கமே அதன் சரக்கு. அவர் வாயை அடைக்கப் பணம் கொடுத்தோரும் உண்டு என்பர். திரையுலகினர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, இதழின் உரிமம் ரத்தாயிற்று. அவரோ அடங்கினாரில்லை, 'இந்து நேசன்' என்னும் பத்திரிகையில் அதே தொழிலைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8-ஆம் நாள், வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் உயிர்நீத்தார். எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் கைதாயினர். அத்தீபாவளிக்கு வெளிவந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் சிறையிலிருக்க, படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது!

1945-இல் நாயுடு விடுதலையானார். ஜூரிமார் பெரும்பான்மையால் மற்றிருவரையும் குற்றவாளிகள் என்றனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். நாடகத்தில் அரை மணி நேரம். இங்கே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. பாகவதரின் பழைய புகழ் மீளவில்லை. கிருஷ்ணன் மீண்டும் நடித்தார். அவருடைய சிலையைத் தியாகராய நகரில் 1969 ஜனவரியில் அறிஞர் அண்ணா திறந்து வைத்தார்.

இவ்வழக்கைப் பேசுவோர் பெரும்பாலும் பாகவதரின் வீழ்ச்சிக்கே வருந்துகின்றனர். அவ்வருத்தம் எமக்கும் உண்டு. எனினும், இழிந்த எழுத்தை எழுதியவன் என்பதனால் அவன் உயிர் மலிவாகி விடாது. அவதூறுக்கு நீதிமன்றம் இருந்தது, கத்தி வேண்டியதில்லை. சாகுமுன் லட்சுமிகாந்தன் நடந்ததைப் போலீஸாரிடம் கூறினார். ஆயினும் அக்கத்தியை ஏவியவர் யார் என்னும் வினாவுக்கு இன்றளவும் விடையில்லை.